இரண்டு அங்குலம்

பாறசாலையில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
ஸ்ரீகண்டன் கடை. கண்ணாடி மேசைமேல்
இரண்டு எந்திரங்கள் கிடக்கின்றன.
ஒன்று பேட்டரி, ஒன்று வயர்.
இரண்டுக்கும் திண்டு இரண்டே அங்குலம்.
"ரெண்டும் நல்லதாணு" என்கிறார்.
நல்லதா என்று நான் கேட்கவில்லை.

என் ஷெட் களியக்காவிளையில், எடைமேடைக்கு அடுத்து.
பெரிய பாலிஷர் ஒன்று அங்கே இருக்கிறது,
பானெட்டையும் கூரையையும் உழுதுவிடும்.
அது நுழையாத இடங்கள்தான்
என்னை எல்லை தாண்ட வைத்தன:
பக்கக் கண்ணாடியின் கழுத்து, நம்பர் பிளேட்டின் ஓரம்,
இரு கதவுக்கு நடுவே நிற்கும் ஒல்லித் தூண்,
பிறகு கைப்பிடிக்கு உள்ளே அந்தச் சின்னக் குழி.
எல்லாக் காரிலும் நகம் எழுதும் இடம் அது.

கைப்பையிலிருந்து எடுத்து வைக்கிறேன்
கறுப்புப் பெயின்ட் அடித்த ஒரு பெட்ரோல் மூடி.
காயலான் கடையில் முப்பது ரூபாய்.
போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்
மூடி முழுக்க வட்டவட்டமாய்க் கீறல்,
அழுக்குத் துணியால் ஆண்டுக்கணக்காகத் துடைத்த அன்பு.

முதலில் பேட்டரி. கைக்கு இதம்.
முக்கால் கிலோ நெத்திலிப் பொதியின் கனம்.
எத்தனை நிமிடம் ஓடும்?
"இருபது."
பிறகு?
"பின்னே சார்ஜ்."
பாதிக் கதவில் நின்றுபோகிற பேச்சு
எனக்கு வீட்டிலேயே உண்டு.

வயர்க்காரன் கொஞ்சம் தடியன்.
தானும் சுற்றி, சுற்றும்போதே விலகியும் ஆடுகிறவன்,
கள்ளுஷாப்பிலிருந்து வழி தெரிந்து வருகிற நடை.
அந்தத் தள்ளாட்டம் இருப்பதால்தான் பெயின்ட் வேகாது.
ஆனால் கொஞ்சம் அழுத்திவிட்டால்
சுற்றை நிறுத்திவிட்டு வெறுமனே நடுங்குவான்.
காதுக்குத் தெரியாது. சத்தம் அதே சத்தம்.

பில் போடும் ஆதிராவிடம் கேட்டேன்,
"மோளே, ஒரு பொட்டு தருவியா?"
நெற்றியிலிருந்தே உரித்துக் கொடுத்தாள்.
திண்டு பிடிக்கும் தட்டின் விளிம்பில் ஒட்டினேன்.

ஓடவிட்டதும் பொட்டு காணாமல்போய்
கறுப்பாய் ஒரு வளையம்.
கையை இறுக்கினேன். வளையம் துண்டுதுண்டாகி,
பொட்டு.
தளர்த்தினேன். வளையம்.
ஸ்ரீகண்டனும் கிட்ட வந்து குனிந்து பார்த்தார்,
இத்தனை வருஷம் விற்றவர்.

"அப்ப கீறல் எங்கே போகும்?" ஆதிரா கேட்டாள்.
எங்கும் போகாது.
கீறல் ஒரு பள்ளம்.
பள்ளத்தை யாராலும் பெயர்த்தெடுக்க முடியாது,
சுற்றியிருக்கும் மேட்டைத்தான்
பள்ளம்வரை இறக்க வேண்டும்.
இறக்குவதற்கு இருப்பதோ
தலைமுடியைவிட மெல்லிய ஒரு தோல்.
அதிலும் பாதிக்குமேல் வெயிலுக்கு விட்டுவைக்கணும்.
சொல்லி முடிப்பதற்குள்
யாரோ பியூஸ் கம்பி கேட்டு வந்துவிட்டார்கள்.

வயர்க்காரனையே வாங்கினேன், எழுநூறு குறைத்து.
இஞ்சிவிளை தாண்டும்வரை எனக்கு இடம் கிடைக்கவில்லை,
பெட்டி மட்டும் முன்பின் தெரியாத ஒருத்தி மடியில்
சௌகரியமாக உட்கார்ந்து வந்தது.

ராத்திரி, டாக்டர் ரெக்ஸிலின் கறுப்பு வண்டி.
வயரைத் துண்டுபோல் தோளில் போட்டுக்கொண்டேன்,
இல்லாவிட்டால் அதுவே புதுக்கீறல் இழுக்கும்.
கைப்பிடிக் குழிக்குள் நகப்பிறைகள்,
பாதித் தூக்கத்தில் பிரசவத்துக்கு ஓடிய அவசரங்கள்.
ஒவ்வொன்றாய் மங்கி, தேடினாலும் இல்லை.
ஒன்று மட்டும் ஆழம். நகம் இல்லை, சாவி.
வளையத்தைப் பார்த்தபடி நான்குமுறை போனேன்.
ஐந்தாவதில் கை தானாக இறுகியது.

பொட்டு தெரிந்தது.

ஸ்விட்சை அணைத்தேன். எடைமேடையில்
ரப்பர் லாரி ஒன்று ஏறி நின்று உறுமியது.
கூலிச்சீட்டில் எழுதினேன்:
டிரைவர் பக்கக் கைப்பிடியில் ஒரு கீறல் நிற்கும்.
அதற்குக் காசு போடவில்லை.